யாருக்குப் பட்ட காயம்? குவிப்புத் தடுப்பு வரியும் கடைமடைச் சனங்களும்

"வெளிநாட்டுச் சரக்கு வந்து கொட்டுது, உள்நாட்டுத் தொழில் அழியுது, வரி போட்டுக் காப்பாத்து." இந்தக் கூப்பாட்டை முப்பது வருசத்துக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். டங்கல் வரைவை எதிர்த்துச் சுவரெழுதிய இடதுசாரித் தோழர்கள் சொன்னார்கள். காவிக் கொடியைப் பிடித்துக்கொண்டு சுதேசி பேசுகிறவர்களும் அதையே சொல்கிறார்கள். தொழிலதிபர் சங்கக் கூட்டங்களுக்குக் கோட்டு மாட்டிக்கொண்டு போகிறவர்களும் அதையே சொல்கிறார்கள். ஒன்றுக்கொன்று ஆகாத மூன்று தரப்பும் ஒரே வாக்கியத்தைச் சொல்லும்போது சேரியில் இருக்கிறவன் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அதென்ன 'நம்ம தொழில்'? அந்த 'நம்ம'வுக்குள் நம்மை எப்போது சேர்த்தார்கள்? கூலி கேட்கும்போது இல்லாத 'நம்ம', வரி கேட்கும்போது மட்டும் எங்கிருந்து வருகிறது?

கொட்டுவது என்றால் என்ன என்று நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஊரின் குப்பையும் மலமும் செத்த மாடும் எந்தத் திசையில் கொண்டுபோய்க் கொட்டப்பட்டன என்பதுதான் நம் வரலாறு. அதைத் தடுக்க எந்த அரசும் வரி போட்டதில்லை, விசாரணை வைத்ததில்லை. முதலாளியின் குடோன் வாசலில் வேறொரு முதலாளி சரக்கைக் குறைந்த விலைக்கு இறக்கினால் மட்டும் டெல்லியில் ஓர் இயக்குநரகமே எழுந்து உட்காருகிறது. அது யாருடைய காயத்தை அளக்கிறது, யாருடைய காயத்தைக் கணக்கில் எடுப்பதே இல்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் விசயம்.

சட்டம் யாரைப் பார்க்கிறது?

ஒரு கம்பெனி தன் சொந்த நாட்டில் விற்கிற விலையைவிடக் குறைத்து இன்னொரு நாட்டுக்கு ஏற்றுமதி செய்தால் அதற்குப் பெயர் குவிப்பு. 1994 மராகேஷ் ஒப்பந்தத்தின்படி, பாதிக்கப்பட்ட நாடு அந்தச் சரக்கின் மேல் தனியாக வரி போடலாம். இந்தியாவில் இதற்கு 1975ஆம் ஆண்டின் சுங்கத் தீர்வைச் சட்டத்தில் 9ஏ பிரிவு இருக்கிறது. 1995இல் வந்த விதிகள் இருக்கின்றன. விசாரிக்க 1998இல் தனி இயக்குநரகம் வந்தது, 2018இல் அதற்கு வேறு பெயர் வைத்தார்கள். உலகத்திலேயே இந்த வரியை அதிகமாகக் கையாண்ட நாடுகளின் வரிசையில் இந்தியா முன்னணியில் இருக்கிறது. ஒரு பக்கம் தாராளமயம், இன்னொரு பக்கம் தடுப்பு வரி. இரண்டும் ஒரே காலத்தில் வளர்ந்த பிள்ளைகள்.

வரி போட மூன்றை நிரூபிக்க வேண்டும். குவிப்பு நடந்திருக்க வேண்டும். உள்நாட்டுத் தொழிலுக்குக் 'காயம்' பட்டிருக்க வேண்டும். அந்தக் காயம் இந்தக் குவிப்பால்தான் பட்டது என்று காட்ட வேண்டும். காயம் என்பது சட்டத்தின் சொல், நம்முடைய சொல் அல்ல. அந்தக் காயத்தை எதை வைத்து அளப்பது என்று விதிகளின் இரண்டாவது இணைப்பில் பட்டியல் இருக்கிறது: விற்பனை, இலாபம், உற்பத்தி, சந்தைப் பங்கு, முதலீட்டுக்கு வரும் வருமானம், கையிருப்பு... அந்தப் பட்டியலில் வேலைவாய்ப்பும் கூலியும்கூட இருக்கின்றன. அடடா, கூலியைக்கூட மறக்கவில்லையே என்று சந்தோசப்பட்டுவிடாதீர்கள். அது யாருடைய கூலி? மனுப் போட்ட கம்பெனியின் ஆட்களுடைய கூலி மட்டும். அந்தக் கம்பெனியின் சரக்கை வாங்கி அடுத்த வேலையைச் செய்கிற ஆலையில் நிற்கிற பெண்ணின் கூலி அந்தப் பட்டியலுக்குள் வராது. அவள் 'உள்நாட்டுத் தொழில்' இல்லை.

மனுப் போட யாருக்கு உரிமை? மொத்த உற்பத்தியில் குறைந்தது நூற்றுக்கு 25 பங்கு செய்கிறவர்கள் ஆதரித்தால் மனு செல்லும். நாட்டில் ஒரே ஒரு உற்பத்தியாளர்தான் இருக்கிறார் என்றால்? அவர் ஒரு கையெழுத்துப் போட்டால் நூற்றுக்கு நூறு. 'அக்கறையுள்ள தரப்பு' என்று விதிகள் சொல்கிறவர்கள் யார் யார்? ஏற்றுமதியாளர், இறக்குமதியாளர், வெளிநாட்டு அரசு, உள்நாட்டு உற்பத்தியாளர், இவர்களின் சங்கங்கள். சரக்கை வாங்கிப் பயன்படுத்துகிற ஆலைக்காரரும் தன் தகவலைச் சொல்லலாம். தொழிலாளி? தொழிற்சங்கம்? அந்த விதியில் அவர்களுக்கு நாற்காலி இல்லை.

இது உலக வணிக ஒப்பந்தம் போட்ட கட்டாயமும் அல்ல. சில நாடுகளில் தொழிலாளர்களோ அவர்களின் பிரதிநிதிகளோ மனுப் போடலாம், ஆதரிக்கலாம் என்பதை அந்த ஒப்பந்தத்தின் அடிக்குறிப்பே ஒப்புக்கொள்கிறது. அமெரிக்கச் சட்டத்தில் தொழிற்சங்கம் மனுதாரராக வர முடியும். ஐரோப்பிய ஒன்றியத்தில் வரி போடுமுன் எல்லாத் தரப்பின் நலனையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு சோதனை இருக்கிறது. இங்கே இதை எழுதாமல் விட்டது யார்? மராகேஷ்காரனா, டெல்லிக்காரனா?

ஒரு பஞ்சின் கதை

பொதுவாகப் பேசினால் புரியாது. ஒரு சரக்கை எடுத்துக்கொள்வோம். விஸ்கோஸ் பஞ்சு. மரக்கூழிலிருந்து எடுக்கிற பஞ்சு இது. இதை நூற்றால் விஸ்கோஸ் நூல், நெய்தால் ரேயான் துணி. கோயமுத்தூர், திண்டுக்கல், ஈரோடு, விருதுநகர் வட்டாரத்து நூற்பாலைகள் பலவற்றுக்கு இது மூலப்பொருள். ஈரோட்டுத் தறிகளில் ரேயான் துணி ஓடுகிறது. நம் சனங்கள் வேலைக்குப் போகிற இடங்கள் இவை.

இந்தப் பஞ்சை இந்தியாவில் செய்கிறவர் யார்? ஆதித்ய பிர்லா குழுமத்தின் கிராசிம். நாக்தா, ஹரிஹர், கரச், விலாயத் என்று நான்கு ஊர்களில் ஆலைகள். ஒரு காலத்தில் நம் சிறுமுகையில் சவுத் இந்தியா விஸ்கோஸ் இருந்தது. பவானி ஆற்றைக் கறுப்பாக்கிவிட்டு அது மூடிப்போனது. வேலை செய்தவர்கள் பாக்கிப் பணத்துக்காக வருசக்கணக்கில் அலைந்தார்கள். கேரளத்தில் மாவூரில் கிராசிமின் கூழ் ஆலையும் பஞ்சு ஆலையும் இருந்தன. கேரளக் காட்டு மூங்கிலை டன்னுக்கு ஒரு ரூபாய் என்று எழுதிக்கொடுத்து அரசு கூட்டிவந்த ஆலை அது. மூங்கிலை நம்பிப் பாய் முடைந்தவர்களும் கூடை பின்னியவர்களும் கடைவிலைக்கு வாங்கினார்கள். பிர்லாவுக்கு டன் ஒரு ரூபாய். சாலியாற்றை நாசமாக்கிவிட்டு 2001இல் அதுவும் மூடிக்கொண்டது. இப்படிக் கடைசியில் நிற்பவர் ஒரே ஒருவர்.

சீனாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் இந்தப் பஞ்சு மலிவாக வருகிறது என்று மனு போனது. 2010 ஜூலையில் தடுப்பு வரி வந்தது. 2016இல் இன்னும் ஐந்து வருசத்துக்கு நீட்டித்தார்கள். நாட்டுக்கும் கம்பெனிக்கும் தகுந்தபடி கிலோவுக்கு ஏறத்தாழ 10 சென்ட்டிலிருந்து 51 சென்ட் வரை. பதினோரு வருசம் அந்த வேலி நின்றது.

ஒரே கடைக்காரன் இருக்கிற ஊரில், பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போகிற வழியில் சுங்கம் வைத்தால் என்ன ஆகும்? கடைக்காரன் அந்தச் சுங்கத்தின் அளவுக்குத் தன் விலையை ஏற்றிக்கொள்ளலாம். வேலி எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம் விலை ஏற இடம் உண்டு. இது நாம் கட்டிச் சொல்கிற கதை என்று நினைத்தால் இந்தியப் போட்டி ஆணையம் 2020 மார்ச்சில் போட்ட ஆணையைப் படியுங்கள். சந்தையில் தனக்கிருந்த மேலாதிக்கத்தைக் கிராசிம் தவறாகப் பயன்படுத்தியது, நூற்பாலைக்கு நூற்பாலை வேறு வேறு விலை வைத்தது, வாங்கிய பஞ்சை என்ன செய்தாய் என்று ஆலைகளிடம் கணக்குக் கேட்டது என்று சொல்லி 301.61 கோடி ரூபாய் அபராதம் போட்டது ஆணையம். கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போனது, அது அவர்கள் உரிமை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அரசின் ஒரு கை 'காயம்பட்ட அப்பாவி' என்று சொல்லி வேலி கட்டித் தருகிறது. அரசின் இன்னொரு கை அதே ஆளை, அதே சரக்குக்காக, 'வலுத்தவன், எளியவனை மிதித்தான்' என்று அபராதம் போடுகிறது. இரண்டும் ஒரே காலத்தில் உண்மையாக இருந்தன என்றால், காயம் என்ற சொல்லுக்கு அவர்களுடைய அகராதியில் என்ன பொருள்?

இன்னொன்று. வரி போட்ட இந்தோனேசியாவிலும் சீனாவிலும் இதே பஞ்சைச் செய்கிற ஆலைகள் இதே பிர்லா குழுமத்துக்கும் உண்டு. இந்தோனேசியாவில் இந்தோ பாரத் ரேயான், சீனாவில் ஹூபெய் மாகாணத்தில் ஒன்று. பட்டியலில் இல்லாத தாய்லாந்தில் தாய் ரேயான். இதில் சட்ட மீறல் இருக்கிறது என்று நாம் சொல்லவில்லை. மூலதனம் வேலியின் இரண்டு பக்கமும் வீடு கட்டியிருக்கிறது என்கிறோம். சுதேசி என்றும் விதேசி என்றும் பிரிந்து சண்டை போடுவதெல்லாம் நம்முடைய ஊர்வலங்களில் மட்டும்தான்.

மடையை அடைத்தால்

வாய்க்காலில் ஒரு மடையை அடைத்தால் தண்ணீர் நின்றுவிடாது. அடுத்த மடையில் பாயும். வரப்பை உடைத்தும் பாயும். பொருளாதாரம் படித்தவர்கள் இதை 'வணிகத் திசைமாற்றம்' என்கிறார்கள். ஒரு நாட்டின் சரக்குக்கு வரி போட்டால் அதே சரக்கு வேறு நாட்டிலிருந்து வரும். அதுக்கும் போட்டால் இன்னொரு நாட்டிலிருந்து வரும்.

அமெரிக்காவில் துணி துவைக்கிற எந்திரத்துக்கு நடந்ததைப் பாருங்கள். கொரியாவிலிருந்தும் மெக்சிகோவிலிருந்தும் வந்த எந்திரங்களுக்கு 2013இல் வரி போட்டார்கள். கம்பெனிகள் உற்பத்தியைச் சீனாவுக்கு மாற்றின. 2017இல் சீனாவுக்கு வரி. உடனே தாய்லாந்துக்கும் வியட்நாமுக்கும் நகர்ந்தன. 2018இல் நாடு பார்க்காமல் எல்லாருக்கும் சேர்த்து ஒரு பாதுகாப்பு வரி. அதற்குப் பிறகுதான் விலை ஏறியது, ஏறத்தாழ 12 சதவீதம். வேடிக்கை என்னவென்றால் வரியே போடாத, துணி உலர்த்துகிற எந்திரத்தின் விலையும் அதே அளவுக்கு ஏறியது. இரண்டையும் ஜோடியாகத்தானே வாங்குகிறார்கள்! ஒன்றின் மேல் போட்ட பாரத்தைப் பாதிப் பாதியாகப் பிரித்து ஏற்றிவிட்டார்கள்.

நம் நாட்டிலும் அதே கதை. பாலியஸ்டர் செய்கிற பிடிஏ என்ற வேதிப்பொருளுக்கு இருந்த தடுப்பு வரியை 2020 பட்ஜெட்டில் 'பொதுநலன்' கருதி எடுத்தார்கள். எடுக்கும்போது எத்தனை நாடுகள் பட்டியலில் இருந்தன? ஓர் அறிவிப்பில் கொரியாவும் தாய்லாந்தும். இன்னோர் அறிவிப்பில் சீனா, ஈரான், இந்தோனேசியா, மலேசியா, தைவான். ஒவ்வொரு மடையாக ஓடி ஓடி அடைத்திருக்கிறார்கள். கடைசியில், இப்படி அடைத்ததால் மேலே இருக்கிற இரண்டு மூன்று பெரிய கம்பெனிகள் தவிரக் கீழே பாலியஸ்டர் நூலும் துணியும் செய்கிற எல்லாருக்கும் நட்டம் என்று அரசே ஒப்புக்கொண்டு திறந்துவிட்டது.

விஸ்கோஸில் தண்ணீர் வேறு மாதிரிப் பாய்ந்தது. பஞ்சுக்குத்தானே வரி? நூலுக்கு இல்லையே! வெளிநாட்டில் மலிவான பஞ்சை அங்கேயே நூற்று, நூலாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். சீனாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் விஸ்கோஸ் நூல் வரத்து பெருகியது. பஞ்சுக்கு அதிக விலை கொடுத்து நூற்ற நம் ஊர் ஆலைகள் அந்த நூலோடு போட்டி போட முடியாமல் திணறின. பிறகு ஆலைக்காரர்கள் என்ன செய்தார்கள்? பஞ்சுக்கான வரியை எடு என்றார்கள். நூலுக்கு வரி போடு என்றும் கேட்டார்கள். அந்த மூன்று நாட்டு நூல் மீதும் விசாரணை நடந்தது. நூலுக்கு வரி போட்டால் எங்க தறி நின்றுபோகும் என்று ஈரோட்டு விசைத்தறிக்காரர்கள் கத்தினார்கள். நூலுக்குப் போட்டிருந்தால் அடுத்தது துணியாக வந்திருக்கும். துணிக்குப் போட்டால் தைத்த சட்டையாக வரும்.

2021 ஆகஸ்டில் பஞ்சு வரி போனது. போன வரி வேறு சட்டை போட்டுக்கொண்டு திரும்பியது. 2023 மார்ச்சிலிருந்து விஸ்கோஸ் பஞ்சுக்குத் தரக்கட்டுப்பாட்டு ஆணை: இந்தியத் தர முத்திரை இல்லாத பஞ்சு உள்ளே வரக்கூடாது. வரியாவது பணம் கட்டினால் கதவைத் திறக்கும். முத்திரை கதவையே மூடும். அதிலும் பஞ்சுக்கு மட்டும்தான் கட்டுப்பாடு, நூல் வெளியே. பழைய கதையே மறுபடி. 2025 நவம்பரில் அந்த ஆணையையும் விலக்கிக்கொண்டார்கள். போடுவதும் எடுப்பதுமாகப் பதினைந்து வருசம்.

எழுதப்படாத திசைமாற்றம்

நாட்டுக்கு நாடு திசை மாறுவதை எழுதுகிறார்கள். பஞ்சிலிருந்து நூலுக்குத் திசை மாறுவதையும் எழுதுகிறார்கள். மூன்றாவதாக ஒரு திசைமாற்றம் இருக்கிறது, அதை யாரும் எழுதுவதில்லை. பாரத்தின் திசைமாற்றம். மேலே இருக்கிறவனின் தோளில் ஏற வேண்டிய பாரம் படிப்படியாகக் கீழே இறங்கி, இனி இறக்கிவைக்க ஆளில்லாத ஒருத்தியின் தோளில் போய் நிற்கும்.

பஞ்சு விலை ஏறினால் ஆலை முதலாளி என்ன செய்வார்? பஞ்சு விற்கிறவரிடம் பேச முடியாது, அவர் ஒருவர்தான். நூல் விலையை ஏற்ற முடியாது, வெளிநாட்டு நூல் நிற்கிறது. மின்கட்டணத்தை, வங்கி வட்டியைக் குறைக்க முடியாது. குறைக்க முடிந்தது ஒன்றே ஒன்று: கூலி. ஏன் குறைக்க முடிகிறது? அந்தக் கூலிக்காரி யார் என்பதால் முடிகிறது.

அவள் யார்? கேம்ப் கூலி, சுமங்கலித் திட்டம் என்று மங்கலமான பெயர் வைத்துக் கூட்டிவந்த பெண். பதினைந்து, பதினாறு, பதினெட்டு வயசு. மூன்று வருசம் ஆஸ்டலில் அடைபட்டு வேலை செய்தால் முடிவில் மொத்தமாக ஒரு தொகை, அதில் கல்யாணம் பண்ணிக்கலாம் என்று ஏஜென்ட் வந்து சொன்னான். நடுவில் நின்றால் தொகை இல்லை. பெயருக்கு அப்ரண்டிஸ், வேலை முழு வேலை. சைடு பார்க்கவும் கோன் மாற்றவும் ஷிப்ட் முடிந்து இன்னொரு அரை ஷிப்ட் நிற்கவும் அவள். நெதர்லாந்தின் சோமோ, ஐசிஎன் அமைப்புகள் 2011இலும் 2014இலும் வெளியிட்ட அறிக்கைகள் இதை உலகத்துக்குச் சொன்னன. நமக்கு அறிக்கை தேவையில்லை. எந்தத் தெருவிலிருந்து வேன் ஏறிப் போனார்கள் என்று நமக்குத் தெரியும். பெரும்பகுதி நம் பெண்கள். நம் பெண்கள் வாய் திறக்க ஆரம்பித்த பிறகு ஒடிசாவிலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் ஆதிவாசிப் பெண்களையும் தலித் பெண்களையும் கூட்டிவருகிறார்கள். ஆள் பிடிப்பதிலும் ஒரு திசைமாற்றம். ஒரு தெரு கதவைச் சாத்தினால் அடுத்த தெரு.

வருசங்களைப் பொருத்திப் பாருங்கள். பஞ்சுக்கு வேலி நின்றது 2010 முதல் 2021 வரை. அந்த இரண்டு அறிக்கைகளும் வந்தது அதே காலத்தில். சுமங்கலித் திட்டம் பஞ்சு வரியால் பிறந்தது என்று நாம் சொல்லவில்லை. அது அதுக்கு முன்னமே இருந்தது; பருத்தி ஆலைகளிலும் இருந்தது. சாதிதான் அதைப் பெற்றது. நாம் சொல்வது இதுதான்: சாதி என்ற ஏற்பாடு ஒன்று தயாராக இருக்கிற நாட்டில், மேலே எந்த வரி போட்டாலும் அதன் பாரம் இறங்குவதற்கு ஒரு சறுக்குமரம் ஏற்கெனவே கட்டிவைக்கப்பட்டிருக்கிறது. பள்ளிபாளையத்துத் தறிக்கூடத்தில் அட்வான்ஸ் வாங்கிய குடும்பம் கடனை அடைக்கும்வரை நகர முடியாது. நூல் விலை ஏறினாலும் இறங்கினாலும் அந்த அட்வான்ஸ் அங்கேயே நிற்கிறது.

இரண்டு மறுப்புகள்

இடதுசாரித் தோழர் ஒருவர் கேட்பார்: "இறக்குமதியைத் திறந்துவிட்டால் ஆலை மூடும். ஆலை மூடினால் முதலில் வெளியே போவது உங்க ஆளுங்கதானே?" ஆமாம் தோழர், உண்மை. கடைசியாக உள்ளே போகிறவன்தான் முதலில் வெளியே வருகிறான். குவிப்பு என்பதே பொய் என்று நாம் சொல்லவில்லை. அரசு மானியத்தில் சரக்கைத் தள்ளிவிட்டுப் போட்டியாளனை ஒழித்துவிட்டு அப்புறம் விலையை ஏற்றுகிற தந்திரம் உலகத்தில் உண்டு. கேள்வி அதுவல்ல. வேலி கட்டிக்கொடுத்த பதினோரு வருசத்தில், 'இந்த வேலிக்குப் பதிலாக நீ இத்தனை பேருக்கு இவ்வளவு கூலி கொடுக்க வேண்டும்' என்று ஒரு வரி நிபந்தனை எழுதச் சொல்லி எந்தச் சங்கம் கேட்டது? முதலாளியோடு சேர்ந்து டெல்லிக்கு மனு எழுதும்போது அந்த மனுவில் ஒரு பத்தி, ஒரே ஒரு பத்தி, ஆஸ்டல் பூட்டைப் பற்றி இருந்ததா?

தாராளவாதி ஒருவர் இன்னொரு பக்கம் கேட்பார்: "அப்படியானால் வரியே வேண்டாம் என்று சொல்லுங்களேன். சந்தையைத் திறந்துவிட்டால் மலிவாகக் கிடைக்கும், எல்லாருக்கும் நல்லது." 2021இல் வரி போனதே, ஐயா. பஞ்சுச் செலவில் மிச்சமாகிற காசு சைடு பார்க்கிற பெண்ணின் சம்பளத்துக்கு வர வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது? எதுவும் சொல்லவில்லை. பாரம் இறங்குகிற பாதையில் ஆதாயம் ஏறி வருவதில்லை. வரி போட்டால் அவள் கூலி குறையும், வரி எடுத்தால் முதலாளியின் இலாபம் கூடும் என்று இருக்கிற ஒரு ஏற்பாட்டில் 'வரியா, வரியில்லையா' என்பது அவளுடைய கேள்வியே அல்ல. அது இரண்டு முதலாளிகளுக்கு நடுவில் நடக்கிற பாகப்பிரிவினை. நம்மைப் பஞ்சாயத்துக்குக் கைதட்டக் கூப்பிடுகிறார்கள்.

பாபாசாகேப் கேட்ட கேள்வி

அம்பேத்கர் பொருளாதாரம் படித்தவர் என்பதை நம் ஆட்களே மறந்துவிடுகிறோம். 1923இல் அவர் ரூபாய்ப் பிரச்சினை பற்றிப் புத்தகம் எழுதினார், பிறகு ராயல் கமிஷன் முன்னால் சாட்சியம் சொன்னார். ரூபாயின் மாற்று மதிப்பைக் குறைத்து வைத்தால் நாட்டின் தொழிலுக்கு நல்லது என்று அன்றைய முதலாளிகள் வாதாடிக்கொண்டிருந்தார்கள். அவர் திருப்பிக் கேட்டார்: அந்த ஆதாயம் எங்கிருந்து வருகிறது? விலை ஏறுகிறது, கூலி அந்த வேகத்தில் ஏறவில்லை, ஆகவே அது கூலிக்காரனின் சட்டைப்பையிலிருந்துதான் வருகிறது என்று காட்டினார். நாட்டுக்கு ஆதாயம் என்று பேசப்படும் ஒவ்வொன்றிலும் நாட்டுக்குள் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று பார்க்கிற அந்தப் பார்வைதான் நமக்கு வேண்டும்.

1928இல் பம்பாய்ப் பஞ்சாலை வேலைநிறுத்தத்தின்போது அவர் இன்னொன்றைக் கேட்டார். அங்கே கூலி அதிகமான நெசவுப் பிரிவில் தீண்டாதாரைச் சேர்ப்பதில்லை. அறுந்த நூலை நாடாவில் கோக்க வாயால் உறிஞ்ச வேண்டும், தீண்டாதான் வாய் பட்டால் தீட்டு என்றார்கள் சாதித் தொழிலாளர்கள். அந்தத் தடையை எடுக்காமல் என்ன தொழிலாளர் ஒற்றுமை என்று கேட்டார். சுதேசி ஆலைதான் அது. சுதேசி நூல்தான். அந்த நூலில் ஒரு வாய் படக்கூடாது என்றிருந்தது.

1932இல் பூனா ஒப்பந்தத்துக்குப் பிறகு காந்தியார் தொடங்கிய அரிசன சேவா சங்கத்துக்கு முதல் தலைவர் யார் தெரியுமா? ஜி.டி. பிர்லா. நம்மைக் காப்பாற்றுவதும் அவர்கள், நாட்டைக் காப்பாற்றுவதும் அவர்கள், தொழிலைக் காப்பாற்றுவதும் அவர்கள். காப்பாற்றப்பட்டவர்கள் மட்டும் இன்னும் அதே தெருவில் இருக்கிறோம்.

நாம் கேட்க வேண்டியது

வெறும் கோபத்தோடு நிறுத்த வேண்டாம். இந்த விதிகளைப் படித்தவர்கள் இந்த விதிகளை வைத்தே கேட்கலாம்.

ஒன்று. தடுப்பு வரி விசாரணையில் தொழிற்சங்கங்களை அக்கறையுள்ள தரப்பாகச் சேர்க்க வேண்டும். மனுப் போட்ட கம்பெனியின் சங்கம் மட்டும் போதாது. அந்தச் சரக்கை வாங்கி வேலை செய்கிற ஆலைகளின், தறிகளின் சங்கங்களும் வேண்டும். உலக ஒப்பந்தம் இதைத் தடுக்கவில்லை. 1995 விதிகளைத் திருத்தினால் போதும்.

இரண்டு. வரி போடுவதற்கு முன்னால் பொதுநல விசாரணை கட்டாயமாக வேண்டும். இன்று நிதி அமைச்சகத்தின் மனசுப்படி போடுகிறார்கள், எடுக்கிறார்கள். காரணத்தை எழுதி வெளியிட வேண்டும். விசாரணை டெல்லியில் மட்டும் நடந்தால் போதாது, அந்தச் சரக்கு வேலையாக மாறுகிற ஊரில் நடக்க வேண்டும்.

மூன்று. வேலி வேண்டும் என்று கேட்கிற கம்பெனி தன் ஆலையில் யாருக்கு என்ன வேலை, என்ன கூலி என்பதைச் சாதிவாரியாகவும் ஆண் பெண் வாரியாகவும் வெளியிட வேண்டும். பொதுமக்கள் பணத்தில் வேலி கட்டிக்கொள்கிறவன் 'இது தனியார் துறை, இட ஒதுக்கீடு கேட்காதே' என்று சொல்ல முடியாது. வேலி வாங்கினால் இட ஒதுக்கீடு கொடு.

நான்கு. ஐந்து வருசத்துக்கு ஒருமுறை வரும் மறு ஆய்வில் விலையும் இலாபமும் மட்டும் பார்க்காமல், அந்த ஐந்து வருசத்தில் கீழ்க்கட்டுத் தொழிலில் கூலியும் வேலையும் என்ன ஆயிற்று என்று பார்க்க வேண்டும். அதுவும் காயம்தான்.

நடக்குமா என்று கேட்பீர்கள். 2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கத்தில் ஓர் ஆயத்த ஆடை ஆலையில் வேலை செய்த தலித் பெண்ணை அவளுடைய மேற்பார்வையாளனே கொன்றான். தலித் பெண்கள் முன்னின்று நடத்துகிற தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் அதை விடவில்லை. உலகத்துச் சங்கங்களோடு சேர்ந்து, துணி வாங்குகிற எச் அண்ட் எம் வரைக்கும் போய், 2022இல் திண்டுக்கல் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியது. பாலியல் வன்முறையைத் தடுக்காத ஆலையிடம் சரக்கு வாங்குவதை நிறுத்துவோம் என்று வாங்குகிறவனைச் சட்டப்படிக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் அது. ஆடை ஆலையோடு நூற்பாலையும் அதில் அடங்கும். எந்த வரியும் செய்யாததை அந்தச் சங்கம் செய்தது. வணிகம் எந்தத் திசையில் போகும் என்பதை நம் பெண்களும் தீர்மானிக்கலாம் என்பதற்கு அதுவே சாட்சி.

கல்லூரியில் வணிகவியலும் பொருளாதாரமும் படிக்கிற நம் பிள்ளைகளுக்கு ஒரு வேலை இருக்கிறது. இயக்குநரகத்தின் விசாரணை முடிவுகள் எல்லாம் பொதுவில் கிடைக்கின்றன. எடுத்துப் படியுங்கள். காயம் என்று வருகிற ஒவ்வோர் இடத்திலும் யாருடையது என்று ஓரத்தில் எழுதுங்கள். படித்ததைக் கையில் எடுத்துக்கொண்டு ஆலை ஆஸ்டல் வாசலுக்கும் தறிக்கூடத்துக்கும் போங்கள். அங்கே கேட்கிற கணக்கையும் இதில் சேருங்கள். அடுத்த விசாரணைக்கு அறிவிப்பு வரும்போது, கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும், நம் சங்கங்களின் மனுவும் அந்த மேசைக்குப் போக வேண்டும். விதியில் இடமில்லை என்று திருப்பி அனுப்பினால் அதையே எழுத்தில் கொடு என்று வாங்குவோம். மற்றதை அந்தக் காகிதத்தை வைத்துப் பேசிக்கொள்வோம்.